ஆற்றங்கரையில் நான் நிற்காத நாலு நாட்கள்

அந்த ஊரின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஒருமுறை எழுதியதன் வினையே இன்னும் தீரவில்லை. இங்கிலாந்தில், லண்டனிலிருந்து ரெயினில் ஒன்றரை மணித்தியாலத்தில் போய்ச் சேரக்கூடிய, ஓர் ஆற்றங்கரைச் சின்ன ஊர். என்னுடைய தங்கச்சி அங்கே இருபத்திரண்டு வருடமாக இருக்கிறாள். நான் ஒருநாளும் போனதில்லை. ஆனால் கனடாவில், நான் இருக்கிற ஸ்காபரோவில் தமிழ் வாசிக்கிற சனம் நான் அங்கே நாலு நாள் நின்று வந்தவள் என்று நம்பிக்கொண்டிருக்கிறது. நம்பவைத்தவளும் நான்தான்.

வேலையிலிருந்து ஓய்வு எடுத்த பிறகு ஓர் இலவச வாரப் பத்திரிகையில் பயணப் பக்கம் எழுதத் தொடங்கினேன். தமிழ்க் கடைகளின் வாசலில் கட்டுக்கட்டாகக் கிடக்குமே, அந்தப் பத்திரிகைதான். மீன் வெட்டும்போது விரிப்பதற்குத்தான் சனம் எடுக்கிறது என்று என் மகள் சொல்வாள். சொன்னால் சொல்லட்டும். வாரம் ஒரு ஊர் எழுதினேன். முக்கால்வாசி ஊர்களை நான் கண்ணால் கண்டதில்லை. ஸ்காபரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் என் அப்பார்ட்மென்டின் சாப்பாட்டு மேசையில் லாப்டொப்பைத் திறந்து, அந்தந்த ஊரின் வரலாறு, பார்க்கவேண்டிய இடங்கள் என்று போட்டிருப்பதை வாசித்து, எனக்குத் தெரிந்த தமிழில் எழுதுவேன். ஒரு மரியாதை மட்டும் வைத்திருந்தேன். "பார்க்கலாம்", "ரசிக்கலாம்" என்று எழுதுவேனே தவிர, "பார்த்தேன்" என்று எழுதமாட்டேன்.

அந்த மரியாதையைக் கெடுத்தவர் ஆசிரியர் என்று சொல்லித் தப்பலாம். ஒருநாள் போன் எடுத்து, "அக்கா, நீங்கள் எழுதிறது எல்லாம் சனம் கூகிளில பாக்குது. நீங்கள் போனது, திண்டது, ஆரோட கதைச்சது எண்டு எழுதுங்கோ. இல்லாட்டி அந்தப் பக்கத்துக்கு வீடு விக்கிறவையின்ர விளம்பரம் ஒண்டு காத்துக்கொண்டு நிக்குது" என்றார். எனக்குச் சுருக்கென்றது. என் படத்தோடு பத்திரிகையில் வருவது எனக்கு எவ்வளவு பெரிய காரியமாகிவிட்டது என்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. "அதுக்கென்ன தம்பி, போன வருசம் இங்கிலாந்துக்குப் போட்டு வந்தனான்தானே, தங்கச்சி இருக்கிற ஊரை எழுதிறன்" என்று சொல்லிவிட்டேன். வாய் கொஞ்சமும் கூசவில்லை.

இங்கிலாந்துக்குப் போனது உண்மை. லண்டனில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு, மகளும் நானும், ஒரு கிழமை. அந்தக் கிழமையைப் பற்றி முதலில் சொல்லவேண்டும், அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்வது களவு.

தங்கச்சியின் கணவர் கொரோனாக் காலத்தில் போய்ச் சேர்ந்தவர். பிளேன் ஒன்றும் ஓடவில்லை. ஆறு பேருடன் நடந்த செத்தவீட்டை நான் இங்கே கட்டிலில் இருந்துகொண்டு லாப்டொப்பில் பார்த்தேன். இரண்டு தரம் லைன் அறுந்தது. "பிளேன் விட்ட உடன வாறன்" என்று அவளுக்குச் சொன்னேன். பிளேன் விட்டார்கள். முதலில் முழங்கால் நோ, பிறகு மகளின் வீடு மாறல், பிறகு பனி, பிறகு சும்மா. பிறகு அந்தக் கல்யாணம் வந்தது. எங்கட சனத்தில் எழுதாத சட்டம் ஒன்று இருக்கிறது. செத்தவீட்டுக்குப் போகமுடியாமல் போனவர்கள் அந்த நாட்டில் கால் வைத்தால், வேறு எந்தக் கொண்டாட்டத்துக்கும் முதல் அந்த வீட்டுப் படியேறி, கொஞ்ச நேரம் இருந்து அழுதுவிட்டு வரவேண்டும். இதைச் செய்யாத எத்தனை பேரை நானே இருந்து நாறடித்திருக்கிறேன்! அப்படிப்பட்ட நான், கூடப்பிறந்தவளின் வீட்டுக்குப் போகாமல், பட்டுச்சீலை கட்டிக்கொண்டு கல்யாண ஹோலில் போய் முன்வரிசையில் இருந்தேன்.

அவள் கடையைப் பூட்டிவிட்டு அங்கே வந்தாள். தாலி கட்டும்போது கிட்ட வரமாட்டேன் என்று பின்னுக்குக் கதவடியிலேயே நின்றாள். சாப்பாட்டு நேரம் என் பக்கத்தில் வந்து, "அக்கா, நாளைக்கு வாறியே? ஒண்டரை மணித்தியாலம்தான். ரெயினடியில நான் வந்து நிப்பன்" என்று கேட்டாள்.

"நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுச் சாப்பாடு. நாளையிண்டைக்கு பிளைட். அடுத்தமுறை கட்டாயம்."

"ஓம், ஓம். உனக்கும் அலைச்சல்தானே" என்றாள். பிறகு அன்று பின்னேர ரெயினுக்கே திரும்பிப் போய்விட்டாள். மாப்பிள்ளை வீட்டுச் சாப்பாட்டில் மூன்று மணித்தியாலம் நான் சும்மா கதைத்துக்கொண்டிருந்தேன். போய் வந்திருக்கலாம். எனக்கு அந்த வெறும் வீட்டுக்குள் போகப் பயமாக இருந்தது. அவளுடைய அழுகையைத் தனிய இருந்து தாங்கவேண்டும் என்ற பயம்.

கட்டுரைக்கு ஒப்புக்கொண்ட பிறகு இணையத்தில் அந்த ஊரின் பக்கத்தைத் திறந்தேன். மத்திய காலத்தில் ஓர் அரசர் சந்தை வைக்க உரிமை கொடுத்த ஊர். ஏழு வளைவுள்ள கல்பாலம். மாவரைத்த பழைய ஆலை. கோடையில் துடுப்புப் படகுப் போட்டி. அதோடு முடிந்துவிட்டது. இதை வைத்து "போனேன், கண்டேன்" எப்படி எழுதுவது? தங்கச்சிக்குப் போன் எடுத்தேன். அவள் எடுத்த உடனேயே, "ஐயோ, என்னக்கா, ஆருக்கும் ஏதேனுமே?" என்று பதறினாள். நான் காரணமில்லாமல் எடுத்து எவ்வளவு காலமாகிவிட்டது என்று அதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

"ஒண்டுமில்லை. உங்கட ஊரைப் பற்றி எழுதப்போறன். பாலத்தில ஏழு வளைவோ?"

"ஆறுதான் தெரியும். ஏழாவதுக்கு மேல பார் ஒண்டைக் கட்டிப்போட்டினம். அதின்ர நிலவறைக்குள்ள போனா வளைவைத் தொட்டுப் பாக்கலாம். இவர் ஒருக்கா என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினவர்." இவர் என்றது செத்துப்போன மனுசனைத்தான்.

கட்டுரை எழுதின மூன்று கிழமையும் கிட்டத்தட்ட ஒவ்வொரு நாளும் எடுத்தேன். பால், பேப்பர், சிகரெட், லொத்தர் விற்கிற சின்னக் கடை அவளுடையது. அந்த ஊரில் அவள் ஒருத்திதான் தமிழ். கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து எடுப்பேன், போன் ஒருதரம் அடிக்குமுன் தூக்கிவிடுவாள். படகுகளை ஒரு மட்டத்திலிருந்து இன்னொரு மட்டத்துக்கு ஏற்றி இறக்குகிற தண்ணீர்க் கதவுகளைப் பற்றிக் கேட்டால், அன்று பின்னேரமே போய்ப் பார்த்து, கதவைத் தள்ளுகிற கிழவனுடன் கதைத்து, அடுத்த நாள் எனக்கு ஒப்புவிப்பாள். அன்னங்களுக்குப் பாண் போடக்கூடாது என்று போர்ட் எழுதிப்போட்ட இடத்துக்குக் கீழேயே ஒரு மனுசி தினமும் வந்து பாண் போடுவதைச் சொல்லிச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துக் கன காலம்.

ஒருநாள், தேவாலயச் சுவரில் வெள்ளம் ஏறிய உயரங்களைக் கோடு வெட்டி வருடம் போட்டு வைத்திருக்கிறார்களாமே என்று கேட்டேன்.

"ஓம். கடைசிக் கோடு போன மாரிக்கு வெட்டினது. எங்கட கடைக்குள்ளயும் முழங்கால் மட்டும் நிண்டதுதானே."

"கடைக்குள்ளயோ? எனக்குச் சொல்லேல்லையே!"

"சொன்னனான் அக்கா. நீ அண்டைக்கு எங்கயோ வெளிக்கிட்டுக்கொண்டு நிண்டாய். பிறகு எடுக்கிறன் எண்டு சொன்னனி."

எனக்கு மண்டை விறைத்துப்போனது. ஆனால் என்ன செய்தேன் என்று கேளுங்கள். "முழங்கால் மட்டும்" என்பதைக் கொப்பியில் குறித்துக்கொண்டேன். கட்டுரைக்கு நல்லாயிருக்கும் என்று.

வாங்கைப் பற்றி அவள் சொன்னது கடைசிக் கிழமையில். ஆற்றங்கரை நடைபாதை நீளத்துக்கும் ஆட்கள் உட்கார மரவாங்குகள் போட்டிருக்கிறதாம். ஒவ்வொன்றிலும் ஒரு சின்னத் தகடு, அதில் இறந்துபோனவர் ஒருவரின் பெயர், "இந்த இடத்தை நேசித்தவர்" என்ற மாதிரி ஒரு வரி. அவருடைய வீட்டார் விண்ணப்பித்தால் நகரசபை போட்டுக்கொடுக்குமாம். "இவருக்கும் ஒண்டு கேட்டு எழுதியிருக்கிறன். ஞாயிற்றுக்கிழமையில கடை பூட்டினாப் பிறகு அதாலதானே நாங்கள் நடக்கிறனாங்கள். வசந்தத்துக்குள்ள சொல்லுறம் எண்டவை" என்றாள். பெயரைத் தமிழிலும் போடுவார்களோ என்று கேட்டு ஒரு கடிதமும் எழுதியிருந்தாளாம். அதைச் சொல்லும்போது அவள் அழுதாள். நானும் அழுதேன். பொய்யில்லை, மெய்யாகவே அழுதேன்.

இரண்டு நாள் கழித்துக் கட்டுரையின் கடைசிப் பந்திக்கு வந்தேன். அதுவரை எல்லாம் நன்றாக ஓடியிருந்தது. ரெயினால் இறங்கினேன், தங்கச்சி வந்து நின்றாள், பாலம் பார்த்தோம், நிலவறையில் வளைவைத் தொட்டேன், புதன்கிழமைச் சந்தையில் லீக்ஸ் வாங்கினோம், நாலு நாள் போனதே தெரியவில்லை. முடிவுதான் சரிவரவில்லை. அப்போதுதான் எழுதினேன்: பின்னேர வெயிலில், அவளுடைய கணவரின் பெயர் தமிழில் பொறித்த வாங்கில் நாங்கள் இருவரும் ஒன்றும் பேசாமல் இருந்தோம் என்று. எப்படியும் போடத்தானே போகிறார்கள், கட்டுரை வருகிற நேரம் வாங்கும் வந்துவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். படங்கள் எல்லாம் அவள் அனுப்பியவை. ஒன்றில் அவளுடைய நிழல் புல்லில் விழுந்திருந்தது, அதை வெட்டிவிட்டு, "படங்கள்: கட்டுரையாளர்" என்று போட்டேன். செருப்பால் அடிக்கவேண்டும் என்னை.

கட்டுரைக்கு வந்த மாதிரி வரவேற்பு அதற்கு முதல் எதற்கும் வந்ததில்லை. ஸ்காபரோவின் வடக்கே மில்லிக்கனில் இருந்து யாரோ ஒரு மனுசி ஆசிரியரிடம் நம்பர் வாங்கி எடுத்து, அந்த வாங்கு வந்த இடத்தில் தான் அழுதுவிட்டதாகச் சொன்னாள். மகள் மட்டும் வாசித்துவிட்டு, "அம்மா, சீரியஸ்லி? வீ நெவர் வென்ட் தெயார்" என்றாள். "எழுத்தில உப்பிடித்தான், உனக்கு விளங்காது" என்று அவளுடைய வாயை அடைத்தேன்.

தங்கச்சிக்கு இணையத்தில் அனுப்பியிருந்தேன். இரண்டு நாள் சத்தமில்லை. பிறகு அவளே எடுத்தாள்.

"வாசிச்சனான் அக்கா. நல்லாயிருக்கு."

"மெய்யாவோ?"

"ஓம். அந்த வாங்கு... நல்லா எழுதியிருக்கிறாய். நாங்கள் இருந்த மாதிரியே இருக்கு."

வாங்கு போட்டாயிற்றா என்று அந்த இடத்தில் நான் கேட்டிருக்கவேண்டும். கேட்கவில்லை. போடவில்லை என்று சொல்லிவிடுவாளோ என்ற பயத்தில், "சரி, அடுத்த ஊரைத் தொடங்கவேணும்" என்று வைத்துவிட்டேன். அடுத்த ஊர் போர்த்துக்கலில். அதற்கு அவளிடம் கேட்க ஒன்றும் இருக்கவில்லை. முதலில் கிழமைக்கு ஒருதரம், பிறகு மாதம் ஒருதரம், பிறகு வாட்ஸ்அப்பில் காலை வணக்கம், பூப்போட்ட படம்.

கோடை முடிகிற நேரம், நான் வழக்கமாகப் போகிற தமிழ்க் கடையில் முருங்கைக்காய் முறித்துப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது, என் வயது மதிக்கத்தக்க ஒருவர் மனைவியோடு கிட்ட வந்தார். பத்திரிகையில் என் படத்தைப் பார்த்து அடையாளம் பிடித்திருக்கிறார். "நீங்கள்தானே எழுதிறனீங்கள்? நாங்கள் லண்டனுக்குப் போனனாங்கள். உங்கட கட்டுரையைக் கையில வைச்சுக்கொண்டு அந்த ஊருக்கும் ஒரு நாள் போய் வந்தம்" என்றார்.

நான் கையில் இருந்த முருங்கைக்காயைத் திரும்பத் தட்டில் வைத்தேன்.

"சும்மா சொல்லக்கூடாது, நீங்கள் எழுதினது எழுதின மாதிரியே இருக்கு. பாலம், அந்த நிலவறை, எல்லாம். ஒண்டே ஒண்டுதான். இவ அந்த வாங்கைத்தான் பாக்கவேணும் எண்டு நிண்டவ. கரை முழுக்க நடந்து ஒவ்வொரு தகடா வாசிச்சம். காணேல்ல."

"கால் உளைஞ்சுபோச்சு அக்கா" என்று மனைவி சிரித்தாள்.

"பிறகு உங்கட தங்கச்சியின்ர கடையைத் தேடிப்பிடிச்சுக் கேட்டம். தகடு கறள் பிடிச்சுப்போச்சாம், பெயரைத் திருப்பி அடிக்கிறதுக்கு வாங்கோட கழட்டிக்கொண்டு போட்டாங்களாம். அதைச் சொல்லேக்க அவவுக்குக் கண் கலங்கிப்போச்சு. பாவம், நாங்கள் கேட்டிருக்கக் கூடாது."

மனுசி தொடர்ந்தாள். "உங்களைப் பற்றித்தான் ஒரே கதை. அந்த நாலு நாளும் தன்னைச் சமைக்கவே விடேல்லையாம். மூண்டாம் நாள் மழை பெய்யேக்க நீங்கள் கூழ் காச்சினீங்களாம், தான் மூண்டு கோப்பை குடிச்சனான் எண்டா. மனுசன் செத்தாப் பிறகு அண்டைக்குத்தான் வயிறு நிறையச் சாப்பிட்டதாம். கூடப்பிறந்தது எண்டா அப்பிடி இருக்கவேணும் அக்கா."

கூழைப் பற்றிக் கட்டுரையில் ஒரு சொல்லும் இல்லை. அது அவளே வைத்த சமையல்.

சாமான் ஒன்றும் வாங்காமல் வெளியே வந்து, பிளாசாவின் கார் தரிப்பிடத்தில் காருக்குள் ஏறி, கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன். வழிப்போக்கர் பார்க்கிறார்கள் என்ற வெட்கமும் இல்லை. அங்கே பின்னேரம் ஆறு மணி இருக்கும், கடை திறந்திருக்கும் என்று கணக்குப் பார்த்துப் போன் எடுத்தேன். ஒருதரம் அடிக்குமுன் தூக்கினாள்.

"அக்கா! என்ன, திரும்பவும் எழுதப்போறியே? ஆத்துக்கு அங்காலப் பக்கம் ஒண்டும் நான் உனக்குச் சொல்லேல்ல. தோல் பதனிட்ட பழைய கட்டடம் ஒண்டு இருக்கு, இப்ப உள்ளுக்குப் போய்ப் பாக்க விடுகினம். நாளைக்குப் போய்ப் பாத்திட்டுச் சொல்லட்டே?"

அவளுக்கு நான் எடுப்பதென்றால் இனி ஏதாவது வேண்டும் என்றுதான் அர்த்தம்.

"எனக்கு ஒண்டும் வேண்டாம். வாங்கு என்ன மாதிரி?"

"அது சரிவரேல்ல அக்கா. கரையில இடமில்லையாம். வெயிற்றிங் லிஸ்டில போட்டிருக்கினம். ஆரின்ரயேன் வாங்கு உக்கினாத்தான் எங்களுக்கு."

"ஏன் எனக்குச் சொல்லேல்ல?"

"நீ கேக்கேல்லையே." கோபமே இல்லாமல், கடையில் ஒரு சாமான் முடிந்துவிட்டது என்று சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

"இஞ்ச அந்த மனுசனையும் மனுசியையும் கண்டனான். அவையளுக்கு ஏனடி அப்பிடிச் சொன்னனி? நான் பொய் எழுதினதுக்கு நீ ஏன்..."

"பின்னை என்ன சொல்லுறது? கனடாவில இருந்து வந்து நிக்குதுகள், கையில உன்ர கட்டுரை. என்ர அக்கா இஞ்ச வரவே இல்லை எண்டு சொல்லட்டோ? அவர் செத்தும் வரேல்ல எண்டு என்ர வாயால சொல்லட்டோ? உனக்காக மட்டும் இல்லை அக்கா, எனக்கும் வெக்கமாயிருந்தது."

அதற்குப் பிறகு நான் மன்னிப்புக் கேட்டேன். வாங்குக்கு, படங்களுக்கு, வெள்ளத்துக்கு, கல்யாண வீட்டுக்கு, ஒவ்வொன்றாக. அவள் "சரி, சரி, விடு" என்றாள். நடுவில் யாரோ கடைக்குள் வந்தார்கள். ஆங்கிலத்தில் ஏதோ சொல்லி அனுப்பிவிட்டுத் திரும்பி வந்தாள்.

"நான் வாறன்" என்றேன். "சாட்டுச் சொல்லமாட்டன். இண்டைக்கே டிக்கெற் போடுறன். நீ அண்டைக்குச் சொன்னமாதிரி ரெயினடியில வந்து நில்."

அவள் மெல்லமாக, யாருக்கும் கேட்டுவிடக்கூடாது என்ற மாதிரிக் கதைத்தாள்.

"வா அக்கா. ஆனா வாறதெண்டா ரெண்டாந்தரம் வாற மாதிரி வா. பக்கத்து வீட்டு மனுசி, கடிதம் குடுக்கிறவன், எல்லாரும் என்ர அக்கா எப்ப வருவா எண்டு வருசக்கணக்காக் கேட்டவை. நீ எழுதினாப் பிறகு, அக்கா வந்திட்டுப் போட்டா எண்டு எல்லாருக்கும் சொல்லிப்போட்டன். அதால ரெயினடிக்கு நான் வரமாட்டன். பாலத்தடியால வந்து இடக்கைப் பக்கம் திரும்பு, மூண்டாவது கடை. ஆரிட்டயும் வழி கேட்டுப்போடாதை."